மடி இறங்கிய கிடா

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு சொல்லச் சொன்னாலும் இதே சொற்கள்தான், இதே வரிசையில்தான் வரும். கை சுட்டால் கொஞ்சம் வேகமாக வரலாம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்திருந்தால் முனியாண்டியே வந்து கேட்கட்டும்.

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் சாலையில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி உள்ளே ஒதுங்கினால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று வரும். தோட்டத்தின் பெயர் வேண்டாம், நிர்வாகத்தார் நல்லவர்கள். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயத்தின் கடைசி வீடு உடையப்பனுடையது. ரொம்ப காலம் பழக்குலை வெட்டியவர். இப்போது முதுகு ஒத்துழைக்காததால் நாற்றுப் பண்ணையில் தண்ணீர் காட்டுகிறார். பேச்சு குறைவு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் துண்டை உதறித் தோளில் போடுவார். பல சமயம் உதறியதோடு பேச்சு முடிந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் அவர் மனைவி கலாவதிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கத்தி வைக்கும் அறையின் கதவு மூடியது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடையப்பனுக்கு அங்கே தெரிந்தவர் யாருமில்லை. அதனால் தோட்டத்து முனியாண்டி சாமியோடு பேசினார். வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்: "அவ நடந்து வெளிய வரட்டும், ஒனக்கு ஒரு கிடா. காசு குடுத்து வாங்குனது இல்ல, என் கையால வளத்தது. ஒரு குறையும் இல்லாத கிடா."

கலாவதி நடந்துதான் வெளியே வந்தார். வந்ததும் வராததுமாக, "சாப்டீங்களா இல்ல மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்களா?" என்று கேட்டார். முனியாண்டி தன் பங்கைச் செய்துவிட்டார் என்பது அப்போதே தெரிந்துபோனது. ஆனால் டாக்டர் ஒரு வார்த்தை போட்டுவைத்தார். கட்டி திரும்ப வரலாம், வராமலும் போகலாம், வருடா வருடம் வந்து காட்டுங்கள் என்றார். 'வரலாம்' என்பதற்கும் 'வராமலும் போகலாம்' என்பதற்கும் நடுவில் அந்தக் கிடாதான் நிற்கிறது என்று உடையப்பன் எடுத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. கலாவதியிடமும் சொல்லவில்லை. கலாவதிக்குத் தெரியும்.

அவர் வளர்க்க எடுத்த குட்டி கறுப்பு. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. யார் வேலை செய்தாலும் நின்று பார்க்கும், தான் ஒன்றும் செய்யாது, வெயில் ஏறியபின்தான் எழுந்திருக்கும். அதனால் கலாவதி அதற்குத் துரை என்று பெயர் வைத்தார்.

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா என்றால் அது இஷ்டத்துக்குத் திரியும், எந்த வீட்டு வாசலிலும் வாய் வைக்கும், யாரும் விரட்ட மாட்டார்கள். இது முன்னோர் கப்பலில் கொண்டுவந்த வழக்கம். ஆனால் செம்பனைக் கன்றுக்குள் ஆடு புகுந்தால் தோட்ட நிர்வாகம் சும்மா இருக்குமா? ஆகவே துரை வேலியோரக் கொட்டகையில் கட்டிக் கிடந்தது. கிடா வாசலுக்குப் போக முடியாததால் வாசல்கள் கிடாவைத் தேடி வந்தன. லயத்துச் சனங்கள் ஆளாளுக்குத் தின்னக் கொண்டுவந்தார்கள். சாமி கிடாவுக்கு வருவதை வேண்டாமென்று சொல்லக் கூடாது. சொன்னால் கொண்டுவந்தவரின் புண்ணியத்தைத் தடுத்த பாவம்.

பக்கத்து வீட்டுச் சின்னம்மாவின் மகனுக்கு ரவாங்கில் ரொட்டிக் கம்பெனியில் வேலை. தேதி போன ரொட்டியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவான். மூட்டையைப் பிரித்தால் ரொட்டிமேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருக்கும்.

"கூலாட் புடிச்சிருக்கே சின்னம்மா" என்றார் கலாவதி.

"விபூதி பூத்த மாதிரி இல்ல இருக்கு. சாமிக்குப் போறது, சாமியே பூசி அனுப்பியிருக்காரு."

லோரி ஓட்டும் சேது சுங்கை புரோங் நெல் ஆலையிலிருந்து தவிடு கொண்டுவந்தான். லோரியின் அடித்தட்டில் ஏறி, மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து வரும் தவிடு. உள்ளே கைவிட்டால் சூடாக இருக்கும். "அடுப்பே வேணாங்க்கா, சுடச்சுடச் சாப்பாடு" என்பான். சாலையோரத்தில் அவித்த சோளம் விற்கும் பாலன், விற்காமல் கடைக்குப் பின்னால் குவிந்த கதிர்களைக் கொண்டுவந்தான். அவற்றில் மெல்லிய ரோஸ் நிறம் படர்ந்திருந்தது. உடையப்பன் தன் பங்குக்குச் செம்பனைப் புண்ணாக்கு வைத்தார். அது ஒழுகும் கூரைக்குக் கீழே இருந்து பச்சை கட்டியிருந்தது. வெள்ளை, பச்சை, ரோஸ் என்று தொட்டி நிறையப் பார்க்கையில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டியதுபோல் இருந்தது.

ஒருநாள் குரங்குக் கூட்டம் வந்து ரொட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனது. வேலிமேல் வரிசையாக உட்கார்ந்து பிரித்தன. பெரிய குரங்கு ஒரு ரொட்டியை மோந்து பார்த்தது. பக்கத்துக் குரங்கிடம் கொடுத்தது. அதுவும் மோந்தது. கொஞ்ச நேரம் ஏதோ கலந்து பேசின. பிறகு எல்லா ரொட்டியையும் மூட்டைக்குள் போட்டு, வாயைச் சுருட்டி, இறங்கிவந்து எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயின.

உடையப்பன் துண்டை உதறினார். "பாத்தியா? சாமி சொத்துன்னு கொரங்குக்கே தெரியுது."

துரை நன்றாகத் தின்றது. அதுதான் புதிர். தின்னத் தின்ன இளைத்தது. முதலில் விலா எலும்பு தெரிந்தது, பிறகு விலா எலும்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேலி தெரிந்தது. மாலையில் கடல்காற்று ஏறினால் நான்கு காலும் தரையை விட்டு எழும்பும். கயிறு கட்டியிருந்தது ஓடிவிடக் கூடாதென்று அல்ல, பறந்துவிடக் கூடாதென்று. கத்தும்போது பாதிக் கத்தலில் எதற்குக் கத்தினோம் என்பதை மறந்து நின்றுவிடும்.

உடையப்பனுக்குப் பயம் வந்தது. குறையில்லாத கிடா என்று வாயால் சொல்லியாயிற்று. நாலு தீனியிலும் ஒவ்வொரு கைப்பிடி அள்ளித் தனித்தனிப் பையில் கட்டி, பேருந்து ஏறி மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர் மாதவி. கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பைகளை வாங்கிச் சோதனைக்கு அனுப்பி வைத்தார். சில நாள் கழித்து ஆஸ்பத்திரி எழுத்தர் போன் செய்து, நாலிலும் கொஞ்சம் பூஞ்சண விஷம் இருக்கிறது, ஆனால் நாலுமே அனுமதித்த அளவுக்குள் இருக்கின்றன என்று படித்துக் காட்டினார்.

"நாலும் பாஸ்" என்று லயம் முழுக்கச் செய்தி பரவியது. சின்னம்மா தன் மகன் பரீட்சையில் தேறியபோதுகூட அவ்வளவு மகிழவில்லை. உடையப்பன் நிம்மதியாகத் தீனியை இரட்டிப்பாக்கினார். நாலு பாடத்திலும் தேறிய சாப்பாடு, பயமென்ன?

அடுத்த வாரம் துரைக்கு நடுக்கம் பிடித்தது. காது நடுங்கியது, வால் நடுங்கியது, நெற்றிப் பொட்டுகூட ஓரிடத்தில் நிற்கவில்லை. அதற்கடுத்த காலை கலாவதி கொட்டகையிலிருந்து நிதானமாக வந்தார்.

"என்னங்க."

"ம்."

"தொரைக்கு மடி எறங்கியிருக்கு."

உடையப்பன் துண்டை உதறினார். மறுபடியும் உதறினார்.

"கெடாவுக்கு எப்படி மடி எறங்கும்?"

"என்னக் கேட்டா? நானா எறக்கிவிட்டேன்? போய்ப் பாருங்க."

காளை கன்று போட்டது என்றால் கொட்டகையில் கட்டு என்று சொல்கிற ஆட்களை நாம் எல்லாரும் கேலி செய்திருக்கிறோம். உடையப்பனும் செய்திருக்கிறார். இப்போது அவர் குனிந்து பார்த்தார். மடிதான். வீட்டுக்காரரைப் பார்த்த துரை வெட்கப்பட்டுத் திரும்பி நின்றுகொண்டது.

பால் கட்டிக்கொண்டால் வலிக்குமே என்று கலாவதி கறந்து ஒரு சொம்பில் வைத்தார். கீழே ஊற்ற மனமில்லை. குடிக்கவும் மனமில்லை. சமையலறை மூலையில் மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அந்த நேரம் பார்த்துச் சுகுமாறன் வந்து சேர்ந்தார்.

சுகுமாறன் கலாவதியின் அண்ணன், கோயில் தலைவர், ஒருகாலத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர். மீசை இரண்டு பக்கமும் மேல்நோக்கி நிற்கும். திருவிழாவுக்கு முன் நேர்த்திக் கிடாக்களைப் பார்வையிட்டுச் சரி சொல்வது அவர் பொறுப்பு. தலை பூசாரிக்கு, ஈரல் தலைவருக்கு, மற்றது ஊருக்கு என்பது அந்தக் கோயில் முறை. சுகுமாறன் ஒவ்வொரு வருடமும் தலைவர் பதவிக்கு நிற்பதற்கு ஈரல்தான் காரணம் என்று வாயாடிகள் சொல்வதுண்டு. அது முழுக்க உண்மையில்லை. மிளகும் ஒரு காரணம்.

உடையப்பன் மைத்துனருக்கு மரியாதையாக டீ கலந்து கொடுத்தார். கண்ணில் பட்ட பாலை ஊற்றினார்.

"டீ பிரமாதம் மாப்ள. ஆட்டுப் பாலா?"

"ஆட்டுப் பால்தான் மச்சான்."

"எந்த ஆடு?"

"கறுப்பு."

வேறு ஆடு அந்த வீட்டில் இல்லை என்பது சுகுமாறனுக்கு உறைக்க இரண்டாவது குவளை முடிய வேண்டியிருந்தது. எழுந்து கொட்டகைக்குப் போனார். ரொம்ப நேரம் நின்று பார்த்தார்.

"மாப்ள, இது என்னலா இது?"

"கெடாதான் மச்சான்."

"கெடாதான். கொம்பு இருக்கு. மத்ததும் இருக்கு. ஆனா கூடுதலா ஒண்ணு இருக்கே."

"கொற இருந்தாத்தான் சாமி ஏத்துக்காது. இது கூடுதல்தான?"

அப்படியொரு வாதம் தன் வாயிலிருந்து வந்ததில் உடையப்பனுக்கே ஆச்சரியம். சுகுமாறன் யோசித்துவிட்டு, "நேந்தது நேந்ததுதான். வெட்டியாகணும். ஊருக்குச் சொல்லியாச்சு. கொழம்புல மடியா தெரியப் போவுது?" என்றார். மறுநாள் அவர் மீசையின் இடது பக்கம் மட்டும் கீழே தொங்கியது. அன்று நடந்த கோயில் கூட்டத்தில், வரலாற்றில் முதல் தடவையாக, "ஒங்க இஷ்டம்பா" என்று ஒரு வார்த்தை சொன்னார். கூட்டம் அதிர்ச்சியில் கலைந்தது.

விஷயம் கேள்விப்பட்டு அன்று மாலையே மாதவி லயத்துக்கு வந்துவிட்டார். முதலில் துரையின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றில் காதுவைத்துக் கேட்டார். தொட்டியைப் பார்த்தார். அதில் வெள்ளை, பச்சை, ரோஸ் எல்லாம் இருந்தன.

"அங்கிள், இதெல்லாம் ஒண்ணாவா போடுறீங்க?"

"நாலும் பாஸ்னு சொன்னாங்களே டாக்டர்."

"பாஸ்தான். ஒவ்வொண்ணுலயும் இருக்கிற கொஞ்சத்த ஒரு ஆடு தாங்கும். அதுக்குத்தான் லிமிட்டு வச்சிருக்காங்க. ஆனா ஒண்ணொண்ணாத் தின்னாத்தான் அந்தக் கணக்கு. நீங்க தனித்தனிப் பையில கொண்டாந்தீங்க. ஒரே ஆட்டுக்குன்னு நானும் நெனைக்கல, நீங்களும் சொல்லல."

"நாலு பாஸ் சேந்தா பெரிய பாஸ் இல்லியா?"

மாதவி சிரிக்கவில்லை. "அங்கிள், வீட்டுக்கு ஒரு சம்பந்தி வந்து தங்குறாரு. சமாளிப்பீங்க?"

"சமாளிக்கலாம்."

"நாலு சம்பந்தி ஒரே நாள்ல வந்து, ஒருத்தருக்கொருத்தர் கூட்டு சேந்துக்கிட்டா?"

உடையப்பனுக்கு ஒரே ஒரு சம்பந்திதான், அவரும் ஈப்போவில் இருக்கிறார். அவரையே நாலாகப் பெருக்கிப் பார்த்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் புரியுது டாக்டர்" என்றார் கலாவதி. "சமையக்கட்டுல நிக்கிறவளுக்குத்தான் அது தெரியும்."

"அதேதான் ஆண்ட்டி. ஈரல்தான் சமையக்கட்டு. ஒருத்தருக்கு டீ போடயில அடுத்தவரு சோறு கேப்பாரு. சாப்பாட்டையெல்லாம் சதையா மாத்துற வேலைய விட்டுட்டு அது விருந்தாளியவே கவனிச்சுக்கிட்டு நிக்குது. அதான் எவ்வளவு தின்னாலும் எளைக்குது. ஆட்டு வயித்துல நல்ல கிருமிங்க இருக்கு, அதுங்க காவக்காரன் மாதிரி. வர்ற வெஷத்துல பாதிய அங்கயே ஒடச்சுடும். ஒரு கூலாட் அந்தக் காவக்காரன மயக்கிருச்சு. சோளத்துல இருக்கிறது ஃபுல்லா உள்ள போயிருச்சு. அது பொம்பள ஹார்மோன் மாதிரி வேஷம் போடும். ஒடம்பு ஏமாந்து மடிய எறக்கிருச்சு. நடுக்கம் ரொட்டில வந்தது. தனியா வந்திருந்தா இதுல எதுவும் இவ்வளவு ஆட்டம் ஆடியிருக்காது."

இதற்குள் சின்னம்மா, சேது, பாலன் மூவரும் வந்துவிட்டார்கள்.

"ஆக, எம் மவன் ரொட்டியாலதான்னு சொல்ல வர்றீங்களா டாக்டர்?" என்றார் சின்னம்மா. "எங்களது பாஸ்."

"எங்களதும் பாஸ்லா" என்றான் சேது.

"மொதல்ல பாஸானது என் சோளந்தான்" என்றான் பாலன். "வேணும்னா எழுத்தரைக் கேளுங்க. மொதப் பேரா அதத்தான் படிச்சாரு."

"ஒஞ் சோளத்தாலதான மடி."

"மடி மட்டும்தான்க்கா. நடுக்கம் ஒங்க ரொட்டில்ல."

"டேய், அது நடுக்கம் இல்ல, பக்தி."

சண்டை அப்படியே வளர்ந்து யாருடைய தவறும் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அது சரியான முடிவும்கூட. எல்லாரும் நிரபராதி. தண்டனை மட்டும் ஆட்டுக்கு. அது தொட்டியருகே நின்று எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"சரி டாக்டர்" என்றார் சுகுமாறன், தொங்கிய மீசையைத் தூக்கிவிட்டுக்கொண்டு. "வெட்டலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

"வெட்டறது ஒங்க கோயில் விஷயம் அங்கிள். தின்னக் கூடாது. அதுலயும் ஈரல் வேணவே வேணாம். நாலு பேரும் கடைசியாத் தங்கியிருக்கிறது அங்கதான். அந்தப் பாலயும் யாரும் வாயில வைக்கக் கூடாது. வைக்கலியே?"

சுகுமாறன் உடையப்பனைப் பார்த்தார். உடையப்பன் கூரையைப் பார்த்தார்.

அங்கேயே, அந்த நிமிடமே, சுகுமாறனுக்குச் சாஸ்திரம் ஞாபகம் வந்தது. "மாப்ள, நல்லா யோசிச்சுப் பாத்தேன். மடி எறங்கினது கெடா கணக்குல வராது. முனியாண்டி கோவக்காரரு. இத ஏத்துக்க மாட்டாரு."

"நேத்து வெட்டியாகணும்னு சொன்னீங்களே மச்சான்."

"நேத்து நான் ஈரலப் பத்தி யோசிக்கல."

எல்லாரும் போனபின் உடையப்பன் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டார். கலாவதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொட்டியைக் கவிழ்த்துக் கழுவியாயிற்று. துரை வெறும் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

"திருவிழா முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றார் உடையப்பன்.

"போவோம்."

"கொறையில்லாத கெடான்னு சொல்லிட்டேன் கலா."

"நீங்க சொன்னப்ப நான் மயக்கத்துல கெடந்தேன். என்னக் கேட்டா சொன்னீங்க? எனக்காவ இன்னொரு உசுர எழுதிக் குடுத்திருக்கீங்க, அதுவும் வெஷம் ஏறுன உசுரு. அத ஊரு தின்னு ஊருக்கு வவுத்துல கட்டி வந்தா, அதுக்கு எத்தன கெடா நேருவீங்க?"

உடையப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். வேறு கிடா வாங்கி வெட்டலாம். ஆனால் கையால் வளர்த்தது என்று சொன்ன சொல் போய்விடும். இதை வெட்டினால் குறையில்லாதது என்று சொன்ன சொல் போய்விடும். வெட்டாவிட்டால் சொன்னது எல்லாமே போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில்தான் மறுபடி உட்கார வேண்டியிருந்தது.

மாதவி களிமண் மாதிரி ஒரு தூள் கொடுத்திருந்தார். வயிற்றில் மிச்சமிருக்கும் விஷத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுமாம். அதோடு அன்றன்றைக்கு அறுத்த பச்சைப் புல். வேறெதுவும் கூடாது. கொண்டுவருபவர்களைத் தடுக்கக் கலாவதியே கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திருவிழா நெருங்கும் முன் மடி வற்றியது. நடுக்கம் நின்றது. காற்றடித்தாலும் கால் தரையில் பதிந்தது. கத்தத் தொடங்கியதைக் கத்தி முடித்தது. ஈரல் ஆறுவதற்குத்தான் நாளாகும் என்றார் மாதவி.

திருவிழா அன்று உச்சிவேளை. முனியாண்டி சன்னதிக்கு முன்னால் துரைக்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். ஆட்டைக் கேட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பது முறை. தலையில் மஞ்சள்தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். உதறாவிட்டால் உதறும்வரை காத்திருக்க வேண்டும். நேர்ந்தவரே தெளிக்க வேண்டுமாதலால் உடையப்பன் கையில் செம்பு.

அவர் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். உதறினால் கடன் தீரும், ஆனால் பந்தியில் என்ன பரிமாறுவது? உதறாவிட்டால் பந்தி பிழைக்கும், கடன் நிற்கும். பக்கத்தில் சுகுமாறன் கண்ணை மூடி, உதடு அசைய, வாழ்நாளில் முதல் தடவையாக உருகி வேண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன வேண்டுமென்பதில் சந்தேகமே இல்லை.

தண்ணீர் தெளித்தார். துரை உதறவில்லை. செம்பு நிறைய ஊற்றினார். உதறவில்லை. குடம் வந்தது. மேளக்காரர் கை ஓய்ந்து உட்கார்ந்தார். ஒரு ஆட்டுக்கு ஆயுசுக்கு இவ்வளவுதான் நடுக்கம் என்று அளந்து வைத்திருக்கிறது போலும். துரை அதை முன்பே செலவழித்துவிட்டது. ஈரம் சொட்டச் சொட்ட, சூளையில் சுட்ட பொம்மை மாதிரி நின்று, எல்லாரும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது பெண்கள் வரிசையில் கலாவதி கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். சின்னம்மாவிடம் கொடுத்து, "பத்திரம், லென்ஸு புதுசு" என்றார். பிறகு அவருக்கு அருள் வந்தது.

"டேய்" என்றது குரல். அது கலாவதி குரலே இல்லை என்று எல்லாரும் பிற்பாடு ஒத்துக்கொண்டார்கள். "எவண்டா எம் புள்ளைக்கு பூத்துப்போன ரொட்டியப் போட்டது?"

சின்னம்மா கண்ணாடியோடு கீழே விழுந்து கும்பிட்டார்.

"தவிட்ட லோரில அடில போடாத. பலகை போட்டு மேல ஏத்து, தார்ப்பாய் மூடு. வித்துப்போவாத சோளத்த அன்னன்னிக்கே உரத்துக்குப் போடு. ஒழுவுற கூரைய மாத்து. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சாமி" என்றார்கள் சேதுவும் பாலனும். கூரை மாற்ற வேண்டியவர் தலையாட்டினார். முனியாண்டிக்குத் தீவனச் சேமிப்பில் இவ்வளவு தேர்ச்சி இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

சாமி சுகுமாறன் பக்கம் திரும்பியது. "ஒனக்கு ஈரலு வேணுமா?"

"வேணாஞ் சாமி."

"சத்தமாச் சொல்லு."

"வேணவே வேணாஞ் சாமி."

பிறகு அது உடையப்பன் முன்னால் வந்து நின்றது. நெற்றியில் வேர்வை, கையில் வேப்பிலை. கண் மட்டும் கொஞ்சம் மங்கலாக, கண்ணாடி இல்லாதவர்கள் பார்ப்பது மாதிரி பார்த்தது. குரல் இறங்கியது.

"சொன்னத வளத்தியா?"

"வளத்தேன் சாமி."

"கொண்டாந்து எம் முன்னால நிறுத்துனியா?"

"நிறுத்துனேன்."

"நான் வாங்கிக்கிட்டேன். கணக்கு தீந்துச்சு. இது இனி என் ஆடு. நீ பாத்துக்க. அவள நான் பாத்துக்குறேன்."

உடையப்பன் செம்பைக் கீழே வைத்தார். ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்து இப்போதுதான் எழுந்து இங்கே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

அன்று பந்தியில் சாம்பாரும் பூசணிக்காய்க் கூட்டும். சுகுமாறன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்கு நடக்கும்போது உடையப்பன் மெல்லக் கேட்டார்.

"அருள் வந்தா ஒண்ணும் ஞாபகம் இருக்காதாமே?"

"இருக்காது" என்றார் கலாவதி.

"ஒண்ணுமேவா?"

"கூரைய மாத்தச் சொன்னது மட்டும் இருக்கு."

அடுத்த மாதம் கூரை மாறியது. அதற்கடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் கலாவதியின் வயிற்றைப் படம் பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார்கள். உடையப்பன் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். துரை கொட்டகையில் பச்சைப் புல் தின்று, எல்லாரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கிறது.

கற்பூரம் கையைச் சுடுகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: உடையப்பன் வாழ்நாளில் வளர்த்ததெல்லாம் வாத்துதான்.